எபி அன்ரியும் சித்தப்பாவின் ஒயிலும்

எங்கள் வீட்டில் இங்கிலீசுக்குப் பொறுப்பு நான். பத்து வயதில் எனக்கு அந்தப் பதவி கிடைத்தது. அம்மாவுக்குத் 'தாங்க்யூ', 'சொறி', 'நோ பிரொப்ளம்' ஆகிய மூன்றும் வரும். அப்பாவுக்கு பக்டரியில் பேச்சு வாங்கும் அளவுக்கு விளங்கும், திருப்பிச் சொல்லும் அளவுக்கு வராது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. காரின் உதிரிப்பாகங்கள் அத்தனைக்கும் இங்கிலீசுப் பெயர் சொல்வார். அந்தப் பெயர்களை இணைத்து ஒரு வசனம் ஆக்கத்தான் அவரால் முடியாது. ஆகவே டொக்டரிடம், லோயரிடம், வாடகைக் கந்தோரில் எல்லாம் என்னைத்தான் முன்னுக்குத் தள்ளிவிடுவார்கள்.

பதவி என்று வந்தால் கொஞ்சம் சலுகையும் எடுக்கத்தானே வேண்டும். "உங்கள் மகள் வகுப்பில் ஓயாமல் கதைக்கிறாள்" என்று டீச்சர் முறைப்பாடு சொன்னபோது, "வகுப்பிலை நான் நல்லாக் கதைக்கிறனாம்" என்று அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா பூரித்துப்போய் டீச்சரின் கையைப் பிடித்து மூன்று தரம் தாங்க்யூ சொன்னார். பாவம் டீச்சர், இது என்ன குடும்பம் என்று குழம்பியிருப்பார்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. மல்வேர்ன் என்ற இடத்தில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தோம். எபி அன்ரி எங்கள் வீட்டுக்குள் வந்தது கருவாட்டால்.

கனடாவில் கருவாடு பொரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. யன்னல்களைத் திறந்து, கதவிடுக்கில் ஈரத் துவாயை அடைத்து, இருக்கிற மின்விசிறி எல்லாவற்றையும் போட்டுவிட்டுத்தான் அம்மா தாச்சியை அடுப்பில் வைப்பார். அப்படியும் மணம் லிஃப்டில் ஏறி எல்லா மாடிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கட்டடத்தைப் பராமரிக்கும் மனிதர் இரண்டு தரம் வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். ஒரு சனிக்கிழமை, கருவாடு தாச்சியில் கிடக்கும்போதே கதவு தட்டுப்பட்டது. அம்மா அடுப்பை நூத்துவிட்டு, என்னை முன்னால் விட்டு, பின்னால் நின்று 'சொறி' சொல்லத் தயாரானார்.

வாசலில் நின்றது உயரமான ஒரு ஆபிரிக்கப் பெண். தலையில் நீலத் துணி கட்டியிருந்தார். இடது கையை முழங்கையோடு கொஞ்சம் மடித்தே வைத்திருந்தார். முறைப்பாடு சொல்ல வந்த முகமாக அது இல்லை. "இது என்ன மீன்? எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டார். ஆறாம் மாடியில் இருந்து மணத்தைப் பிடித்துக்கொண்டே படியிறங்கி வந்தாராம். அம்மா ஒரு துண்டை எடுத்து அவர் கையில் வைத்தார். நின்ற நிலையிலேயே சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடித் தன் பாஷையில் ஏதோ சொன்னார். அடுத்த நாள் அவர் வீட்டில் இருந்து புகைபோட்ட மீன் போட்ட ஒரு கறி வந்தது. உறைப்பு என்றால் அப்படி உறைப்பு. சித்தப்பா மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டுவிட்டு, "இவ எங்கடை ஆள்தான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அதற்குப் பிறகு அம்மாவும் எபி அன்ரியும் விடிய ஆறு மணி பஸ்ஸில் ஒன்றாகத்தான் வேலைக்குப் போவார்கள். அம்மா பெட்டி கட்டும் பக்டரியில் இறங்க, அவர் அடுத்த தரிப்பில் ஒரு முதியோர் இல்லத்தைத் துப்புரவாக்க இறங்குவார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஆனால் நாற்பது நிமிடம் கதைப்பார்களாம். என்னதான் கதைப்பீர்கள் என்று கேட்டால், "எல்லாம்தான்" என்பார் அம்மா. என் பதவிக்கே ஆபத்து வந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்.

நல்ல வேளையாக, பெரிய கதைகளுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் குசினி மேசையில் இருந்து, வெங்காயம் உரித்தபடி, எபி அன்ரி தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல, நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அவர் ஊர் நைஜீரியாவின் தெற்குக் கரையில். ஒரு பெரிய ஆறு கடலுக்குப் போகும் வழியில் எண்ணமுடியாத கிளைகளாகப் பிரியும் இடம். அங்கே தெருவே தண்ணீர்தானாம்; பள்ளிக்கூடத்துக்கும் வள்ளம், சந்தைக்கும் வள்ளம். அவருடைய தாய் மீன் புகைபோட்டு விற்றவர், அவரும் அதையே செய்தார். பிறகு எண்ணெய்க் கொம்பனிக்காரர் வந்து குழாய் போட்டார்கள். குழாய் வெடித்துத் தண்ணீர் கறுத்தது. குடிக்க முடியவில்லை, குளிக்க முடியவில்லை, பிடித்த மீனை வெட்டினால் உள்ளே மண்ணெண்ணெய் மணத்ததாம். ஆண்கள் கொம்பனியோடு பேச்சுவார்த்தைக்குப் போனார்கள். போனவர்களில் சிலருக்கு வேலை கிடைத்தது, அதோடு பேச்சுவார்த்தை முடிந்தது.

அப்போதுதான் எபி அன்ரி புறப்பட்டிருக்கிறார். படித்தது எட்டாம் வகுப்பு. ஒரு வள்ளத்தில் தனியாக ஊர் ஊராகப் போய்ப் பெண்களைச் சேர்த்தார். ஒவ்வொரு ஊரிலும் செத்து மிதந்த மீன்களைக் கூடைகளில் அள்ளச் சொன்னார். ஒருநாள் காலையில் இருநூறு பெண்கள் வள்ளங்களில் போய், கொம்பனியின் வாசலில் அந்தக் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு, பக்கத்தில் இருந்துவிட்டார்கள். வெயில் ஏற ஏற உள்ளே இருந்த துரைமாருக்கு மூக்கைத் திறக்க முடியவில்லையாம். இதைச் சொல்லும்போது எபி அன்ரி சிரித்த சிரிப்பில் மேசையில் இருந்த வெங்காயத்தோல் பறந்தது. மூன்றாம் நாள் இராணுவம் வந்தது. அவருடைய கையை முறித்தது அன்றைக்குத்தான். வாசல் ஒரு வாரம் பூட்டிக்கிடந்து, கடைசியில் கொம்பனி அந்த ஒரு குழாயை மாற்றிப் போட்டது. "ஒரேயொரு குழாய்" என்று விரலைக் காட்டிச் சொன்னார். பெருமையாகவா கவலையாகவா சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவரைப் பிடிக்க ஆட்கள் வரத் தொடங்கவே, ஊரை விட்டு வந்துவிட்டார்.

அம்மா உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்தபடி அழுதார். வெங்காயம் என்று சமாளித்தார். எனக்கோ அவரைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. நான் அதுவரை கண்ட பெரிய ஆட்கள் எல்லாரும் ஏதோ ஒன்றுக்குப் பயந்தவர்கள். லோயருக்குப் பயம், கடிதத்துக்குப் பயம், சீருடை போட்ட தபால்காரனுக்குக்கூடப் பயம். இந்த மனுசி இராணுவத்தின் துவக்குக்கு முன்னால் மீன்கூடையோடு இருந்திருக்கிறார்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சரிவு, அதற்குக் கீழே மரங்களுக்கு இடையில் ஒரு சின்ன ஓடை. பனி உருகிய பிறகு பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் கிடப்போம். அந்த வருடம் தண்ணீரின் மேல் வானவில் நிறங்கள் நெளிந்தன. எங்களுக்கு அது நல்ல வடிவாக இருந்தது. தடியால் கலக்கி, நிறம் பிரிந்து திரும்பக் கூடுவதைப் பார்த்துக் கைதட்டினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எபி அன்ரி அந்தப் பக்கம் வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, விரலைத் தோய்த்து மணந்து பார்த்தார். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் தடியைக் கீழே போட்டுவிட்டோம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஜாம் போத்தலில் ஓடைத் தண்ணீர் அள்ளிப் போவார். போத்தலில் திகதி எழுதி ஒட்டி யன்னலோரம் வரிசையாக அடுக்கிவைத்தார். இது கட்டடத்துத் தமிழ்ச் சனத்தின் கண்ணில் பட்டது. ஆபிரிக்க மனுசி, கறுத்த தண்ணீர், கடதாசி ஒட்டிய போத்தல்கள். வேறென்ன, செய்வினை என்று முடிவுகட்டிவிட்டார்கள். லிஃப்டில் அவர் ஏறினால் சிலர் இறங்கி அடுத்த லிஃப்டுக்கு நின்றார்கள். ஒரு அன்ரி அம்மாவிடம், "உவவோடை கவனமா இருங்கோ, தலைமயிர் ஒண்டும் விழுத்திப்போடாதேங்கோ" என்று புத்தி சொன்னார். "என்ரை தலையிலை இனி விழுத்த என்ன கிடக்கு?" என்றார் அம்மா.

எபி அன்ரி அதையெல்லாம் கவனிக்கவில்லை. ஓடையோரம் நடந்து, எண்ணெய் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போய், சரிவில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கொங்கிறீட் குழாயைக் கண்டுபிடித்தார். அந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை. சுற்றிவர மூன்று கட்டடங்கள், ஒவ்வொன்றின் கார்ப் பார்க்கிலும் மழைத்தண்ணீர் இறங்கும் கம்பி மூடிகள். "தண்ணீருக்கு நிறம் கொடுக்கக்கூடிய ஏதாவது இருக்கிறதா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா யோசிக்கவேயில்லை. அலுமாரியைத் திறந்து ஒரு பெரிய பைக்கற் மஞ்சள்தூளை எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை நாங்கள் நாலைந்து பிள்ளைகள் குழாய் வாயில் காவல் நின்றோம். எபி அன்ரி மேலே வாளி வாளியாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். முதல் கட்டடத்து மூடி: ஒன்றும் வரவில்லை. இரண்டாவது கட்டடம்: ஒன்றும் இல்லை. மூன்றாவது வாளி ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் குழாயிலிருந்து நல்ல மங்களகரமாக மஞ்சள் கொட்டியது. நாங்கள் கத்தினோம், குதித்தோம். நான்தான் முதலாவதாக மேலே ஓடினேன். எபி அன்ரி வெறும் வாளியோடு எங்கள் கட்டடத்தின் கார்ப் பார்க்கில், கடைசி மூலையில் நின்றார். அவருடைய காலடியில் இருந்த கம்பி மூடியைக் கண்டதும் நான் ஓட்டத்தை நிறுத்திவிட்டேன்.

அது சித்தப்பாவின் மூடி.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் அவருக்கு ஒரு கராஜ் இருந்தது. பெற்றோல் தடை செய்யப்பட்ட காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடவைத்தவர்களில் அவரும் ஒருவர். பழைய எஞ்சின் ஒயிலை வேட்டித் துணியில் வடித்து வடித்துத் திரும்ப ஊற்றுவாராம். வடித்து மிஞ்சிய கசடைக்கூட எறியமாட்டார், கறையான் அரிக்காமல் வேலிக் கதியாலுக்குப் பூசுவார். அப்பேர்ப்பட்ட மனிதர், இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டடத்துத் தமிழாட்களின் காருக்கெல்லாம் ஒயில் மாற்றி, கழிவை அந்த மூடிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒருமுறை, இது எங்கே போகும் என்று நான் கேட்டேன். "கீழை பெரிய மிசின் வைச்சிருப்பான் பிள்ளை. கனடாக்காரன் சும்மா விடுவானே? எல்லாத்தையும் கிளீன் பண்ணித்தான் வெளியிலை விடுவான்" என்றார். எங்கள் ஆட்களுக்குக் கடவுளில் இருந்த நம்பிக்கையில் பாதி அப்போது கனடாக்காரனில் இருந்தது.

அன்றிரவுச் சாப்பாட்டில் நான் மஞ்சள் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். சித்தப்பா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கையைக் கழுவிவிட்டு ரோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தனியே கீழே போனார். திரும்பி வந்தபோது சப்பாத்து நனைந்திருந்தது.

"அங்கை தண்ணியிலை ஒரு தாரா, வாத்து, நிக்குது. செட்டை முழுக்க ஒயில். பறக்கேலாமல் நிக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு சொட்டு ஒயிலுக்கு ஊரிலை நான் என்ன பாடு பட்டனான்" என்றார். மிச்சச் சாப்பாட்டை அவர் தொடவில்லை.

அம்மாவின் கவலை வேறு. சித்தப்பாவின் அகதி வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வர இருந்தது. எந்தச் சிக்கலிலும் மாட்டாதே, ஒரு சின்னக் குற்றக் காகிதம்கூட வரக்கூடாது என்று லோயர் சொல்லியிருந்தார். அதைத் தமிழில் சொன்னதும் நான்தான். எபி அன்ரியோ நகரசபைக்கு ரெலிபோன் எடுத்து ஆள் வரச் சொல்லிவிட்டார். அம்மா என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ஆரிட்டையும் வாய் திறக்கப்படாது, விளங்குதோ? சித்தப்பாவைத் திருப்பி அனுப்பினாங்கள் எண்டால், அங்கை அவரைப் பிறகு உயிரோடை காணேலாது."

விளங்கியது. அதற்கு மேல் எனக்கு எதுவும் விளங்கத் தேவையும் இருக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அம்மா ஐந்தரை பஸ்ஸில் வேலைக்குப் போகத் தொடங்கினார். எபி அன்ரியின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. ஆறு மணிக்குத் தரிப்பிடத்தில் அவர் தனியே நிற்பதை நான் யன்னலால் கண்டேன்.

வியாழக்கிழமை பின்னேரம் நகரசபை ஆள் வந்தார். செம்மஞ்சள் மேலங்கியும், எழுதும் அட்டையும், நல்ல உயரமும். எபி அன்ரி அவருக்குக் குழாயையும் போத்தல்களையும் காட்டிவிட்டு கார்ப் பார்க்குக்குக் கூட்டிவந்தார். கால நேரம் பாருங்கள், சித்தப்பா அப்போதுதான் யாரோ ஒருவரின் காருக்குக் கீழே கிடந்தார். ஒயில் மாற்றவில்லை, பிரேக்தான் பார்த்தார். ஆனால் வெளியே வந்தபோது இரண்டு கையும் கறுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த என்னை அந்த ஆள் கையசைத்துக் கூப்பிட்டார். இங்கே ஒயில் ஊற்றுவது யார் என்று இவருக்குத் தெரியுமா, கேட்டுச் சொல் என்றார்.

நான் கேட்டேன். கேட்கும்போதே கண்ணைக் காட்டினேன். சித்தப்பா என் கண்ணைப் பார்க்கவில்லை. கையைத் துணியில் துடைத்து, நேரே நிமிர்ந்து நின்று, அந்த ஆளைப் பார்த்துப் பேசினார்.

"நான்தான் ஊத்தினனான். ஒரு வருசமா ஊத்தினனான். உது ஆத்துக்குப் போகுமெண்டு எனக்குத் தெரியாது, ஆனால் தெரியாதெண்டு சொல்லித் தப்பேலாது, நான் மெக்கானிக், எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். அந்தத் தாராவைப் பாத்தனான். இந்த அம்மாவிட்டையும் மன்னிப்புக் கேக்கிறன். என்ன தண்டனை எண்டாலும் தரட்டும். சொல்லு பிள்ளை, ஒண்டும் விடாமல் சொல்லு."

சித்தப்பா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதேயில்லை. அந்த ஆள் பேனையைத் தயாராக வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எபி அன்ரியும் என்னைப் பார்த்தார்.

"தனக்குத் தெரியாதாம்" என்றேன் இங்கிலீசில். "தான் யாரையும் காணவில்லையாம்."

அந்த ஆள் எழுதினார். பிறகு எபி அன்ரியிடம் திரும்பி, யாராவது ஊற்றுவதை நீங்கள் கண்ணால் கண்டீர்களா என்று கேட்டார். எபி அன்ரி சித்தப்பாவின் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூலையில் இருந்த மூடியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்து எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அவர், "இல்லை. ஊற்றுவதை நான் காணவில்லை" என்றார். அது உண்மைதான். அவர் கண்ணால் கண்டதில்லை.

காணாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, வீணாக ஆட்களைக் கூப்பிடக்கூடாது அம்மா, என்று அந்த ஆள் சொன்னார். குரலில் கொஞ்சம் சலிப்பு இருந்தது. இந்த மூடிக்குப் பக்கத்தில் ஒரு மீன் படம் வரைந்துவிடச் சொல்கிறேன், தண்ணீர் ஓடைக்குப் போகிறது என்று சனத்துக்கு விளங்கட்டும், என்றார். மாதக்கணக்காக அள்ளிச் சேர்த்த போத்தல்களை எபி அன்ரி ஒவ்வொன்றாகத் தன் பைக்குள் திரும்ப அடுக்கினார். முறிந்த கையால் சுணங்கிச் சுணங்கித்தான் அடுக்க முடிந்தது.

ஆள் போனதும் சித்தப்பா கேட்டார்: "எல்லாம் சொன்னியோ?"

"ஓம்."

"என்ன சொன்னவன்?"

"இனி ஊத்த வேண்டாமாம். மீன் படம் கீறுவினமாம்."

சித்தப்பாவின் கண் கலங்கியது. "பாத்தியே பிள்ளை. உண்மையைச் சொன்னால் மன்னிக்கிற நாடு இது" என்றார். அதற்குப் பிறகு காண்கிற ஆட்களுக்கெல்லாம் இந்தக் கதைதான். கலியாண வீட்டில் சொன்னார், கடையில் சொன்னார், லோயரின் தமிழ் தெரிந்த உதவியாளரிடம்கூடச் சொல்லி அந்த மனிதரைத் திடுக்கிட வைத்தார். ஒவ்வொரு முறையும் நான் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் சொன்னபடி நடந்தார். கட்டடத்து ஆட்களின் கழிவு ஒயில் அவ்வளவையும் கலன்களில் நிரப்பி, பழைய ஒயில் எடுக்கிற ஒரு கராஜுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். மூடிக்குக் கிட்ட ஒருவரையும் அண்டவிடவில்லை. ஒருத்தர் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றப் போனபோது, "அண்ணை, உது கிளீனிங் மிசினுக்குப் போறேல்லை, தாராவின்ரை வாய்க்குள்ளை போறது!" என்று கத்தினார். அவருடைய அகதி வழக்கு ஹியரிங்கும் நல்லபடியாக முடிந்தது. அம்மா ஆறு மணி பஸ்ஸுக்குத் திரும்பினார். முதல் நாள் இருவரும் ஒன்றுமே கதைக்கவில்லையாம். இறங்கும்போது எபி அன்ரி அம்மாவின் தோளில் தட்டினாராம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா கார்ப் பார்க்கில் ஒயில் மாற்றிக்கொண்டிருந்தபோது எபி அன்ரி கீழே வந்தார். சித்தப்பா அவசரமாக ஒரு வாளியைக் கவிழ்த்து, துணியால் துடைத்து, இருக்கச் சொன்னார். ஒயில் மெல்ல மெல்லக் கீழே இருந்த சட்டிக்குள் வடிந்துகொண்டிருந்தது. அவசரப்பட்டு ஆவது ஒன்றுமில்லை. சித்தப்பாவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"அவவுக்குச் சொல்லு, அண்டைக்கு நான் ஒப்புக்கொண்டதை அவவும் பாத்தவதானே? அவ கோவிக்காமல் விட்டது பெரிய குணம்."

நான் எபி அன்ரியிடம், "உங்களுக்குப் பெரிய குணமாம்" என்று சொன்னேன். எபி அன்ரி தலையாட்டினார். கொஞ்ச நேரம் ஒயில் வடிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உன் சித்தப்பாவுக்கு ஒரு கதை சொல்கிறேன், தமிழில் சொல்கிறாயா என்று என்னைக் கேட்டார்.

கூடைகளோடு வாசலில் இருந்த இரண்டாம் நாள், தலைநகரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி விசாரிக்க வந்தாராம். ஊர்ப் பெண்களுக்கு இங்கிலீசு தெரியாது. கொம்பனிக்காரர் அந்த ஊரிலேயே பள்ளிக்கூடம் போன ஒரு பெடியனை மொழிபெயர்க்க நிறுத்தினார்கள். எபி அன்ரியின் பெரியதாய் எழும்பி, ஆறு பற்றி, மீன் பற்றி, செத்துப்போன பேரப்பிள்ளை பற்றி, நெடுநேரம் பேசினார். பேசி முடிய அந்தப் பெடியன் அதிகாரியிடம், "இவர்களுக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லையாம்" என்று சொன்னான்.

நான் தமிழில் சொன்னேன். சித்தப்பாவின் கையில் இருந்த ஸ்பனர் அப்படியே நின்றது.

பெண்கள் கூட்டத்தில் இங்கிலீசு தெரிந்தது எபி அன்ரிக்கு மட்டும்தான். எழும்பி நின்று, இவன் பொய் சொல்கிறான் என்று இரண்டு பாஷையிலும் கத்தினாராம். அதிகாரி அவனைத் திரும்பிப் பார்த்தார், பெண்கள் பார்த்தார்கள், அவனுடைய தாயும் பார்த்தாள். தாயும் அந்தக் கூட்டத்தில்தான் கூடையோடு இருந்தாள். பெடியன் அன்றைக்கே ஊரை விட்டு ஓடிப்போனான். பிறகு ஒருவரும் அவனைக் காணவில்லை.

"ஏனாம் அவன் அப்பிடிச் சொன்னவன்? காசு குடுத்தவங்களோ?" என்று சித்தப்பா கேட்டார். நான் கேட்டேன்.

காசு இல்லை, என்றார் எபி அன்ரி. அவனுடைய அண்ணன் அதற்கு முன்னமே பிடிபட்டு இராணுவத்திடம் இருந்தான். அவன் உண்மையைச் சொன்னால் அண்ணனைக் கொன்றுவிடுவார்கள் என்று அவன் பயந்தான். அது தனக்குப் பிறகுதான் தெரிந்ததாம். அவனுக்குப் பன்னிரண்டு வயது. "அன்றைக்கு நான் சொன்னது உண்மை, ஆனால் இன்றைக்கு என்றால் கத்தமாட்டேன்" என்றார்.

சித்தப்பா பெருமூச்சு விட்டார். "பாவம் பெடியன்" என்றார்.

எனக்கு அது துண்டறப் பிடிக்கவில்லை. இருநூறு பெண்களையும் அந்தக் கூடைகளையும் முறிந்த கையையும் நினைக்க எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் ரேடியோவுக்கு முன்னால் இருந்து சொல்லும் ஒரு சொல் எனக்கு நன்றாகத் தெரியும். அதை இங்கிலீசாக்கி எபி அன்ரியிடம் சொன்னேன். "அவன் துரோகி. அவனை நீங்கள் மன்னித்திருக்கக்கூடாது."

எபி அன்ரி என்னை இழுத்து, தன் முறிந்த கைக்குள் அணைத்துக்கொண்டார். கன நேரம் விடவில்லை. எனக்கு மூச்சு முட்டியது, அவருடைய உடுப்பில் புகைபோட்ட மீன் மணத்தது. இந்த மனுசி ஏன் இப்படி அழுகிறார் என்று தெரியாமல், சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்து, "அந்தப் பெடியனை நினைச்சு அழுறா போலை" என்று அதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன்.